5-ஆம் வகுப்புக்கு சார்ட்டர் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா? (நெவார்க், நியூ ஜெர்சி)

மழைக்குருவி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நெவார்க் தெற்கு வார்டில் இருக்கிறோம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் போஸ்ட்டாக் (பிஎச்.டி முடித்தபின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை), வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை செய்ய அனுமதி வரவில்லை, அதனால் ஒரே சம்பளத்தில் வண்டி ஓடுகிறது. மகள் 4-ஆம் வகுப்பு, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளியில், அதாவது ஊர்க் கல்வி நிர்வாகமே நடத்தும் சாதாரண அரசுப் பள்ளியில், படிக்கிறாள். பள்ளி மோசம் என்று சொல்ல மனசு வரவில்லை. அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் தங்கமான மனுஷி, வந்த புதிதில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளையை இன்று மேடையேற்றிப் பேச வைத்திருக்கிறார். ஆனால் அக்டோபரிலிருந்து கணக்குக்கு நிரந்தர டீச்சர் இல்லை, சப்ஸ்டிட்யூட்கள்தான் மாறி மாறி வருகிறார்கள். போன வாரம் அவள் ஃபோல்டரைப் பிரித்துப் பார்த்தேன். பின்னங்களைக் கூட்டும் ஒரே ஒர்க்‌ஷீட் மூன்று தடவை இருந்தது, மேலே தேதி மட்டும்தான் வேறு. மூன்றாவதில் விடைகளைப் பழைய தாளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கேட்டால், "அந்த சார் எங்க பேரே தெரியாதுன்னு சொன்னார்மா" என்கிறாள்.

கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், பேரனைத் தனியாக வளர்க்கிறவர். அந்தப் பையன் சார்ட்டரில் 7-ஆம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து சட்டையை வரிசையாக இஸ்திரி போட்டு மாட்டுவான், எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அந்தப் பாட்டி சொல்லித்தான் விண்ணப்பம் போட்டேன். குலுக்கலில் வராமல் வெயிட்லிஸ்ட்டில் கிடந்தோம், திடீரென்று நேற்று போன் செய்து 5-ஆம் வகுப்புக்கு இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

இப்போது குழப்பம். இது உண்மையிலேயே இலவசமா, அப்புறம் ஏதாவது டொனேஷன் என்று கேட்பார்களா? யார் நடத்துகிறார்கள், அரசா தனியாரா? வாரக் கடைசியில் தமிழ் வகுப்பில் பார்க்கும் ஒருவர், அங்கே பிள்ளைகளை ராணுவம் மாதிரி நடத்துவார்கள், பின்தங்கினால் நாசூக்காக வெளியே அனுப்பிவிடுவார்கள் என்கிறார். இன்னொருவர், ஏழைப் பிள்ளைகளுக்கு அதை விட்டால் வழியே இல்லை என்கிறார். இரண்டு பேருடைய பிள்ளைகளும் அங்கே படிக்கவில்லை. படித்த, படிக்க வைத்த, வேலை பார்த்த அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.


சும்மா_ஒரு_ஆள்:

எதுக்குங்க இந்தத் தலைவலி. எடிசன் பக்கம் மாறிடுங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் அங்கதான், பள்ளிக்கூடமும் நல்லா இருக்கும். அந்த ஏரியா பசங்களோட எதுக்கு?


பழைய_வாத்தியார்:

@சும்மா_ஒரு_ஆள், எடிசனில் இரண்டு படுக்கையறை வாடகை என்ன என்று விசாரித்துவிட்டு போஸ்ட்டாக் சம்பளத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "அந்த ஏரியா பசங்க" என்கிறீர்களே, இவர் மகளும் இப்போது அந்த ஏரியா பிள்ளைதான்.

சரி, மழைக்குருவி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் பிலடெல்பியாவில் ஒரு சார்ட்டர் பள்ளியில் 6-ஆம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன், நான்கு வருடம்.

முதலில் அடிப்படை. சார்ட்டர் என்பது பப்ளிக் ஸ்கூல்தான். வரிப்பணத்தில் நடக்கிறது, கட்டணம் வாங்கக் கூடாது, நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கக் கூடாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போட வேண்டும். நடத்துவது டிஸ்ட்ரிக்ட் இல்லை, தனி நிர்வாகக் குழு. நம் ஊர் எய்டெட் பள்ளியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், முழுக்கப் பொருந்தாது, ஆனால் புரியும். உங்கள் மாநிலத்தில் அனுமதி கொடுப்பது மாநிலக் கல்வி ஆணையர். முதலில் நான்கு வருடத்துக்கு, பிறகு ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பிப்பு. மதிப்பெண்ணோ கணக்கு வழக்கோ சரியில்லை என்றால் இழுத்து மூடலாம். எனவே சேர்க்கப்போகும் பள்ளிக்கு அடுத்த புதுப்பிப்பு எந்த வருடம் என்று கேட்டு வையுங்கள், பாதியில் மூடினால் நடுத்தெருவில் நிற்பது பெற்றோர்தான்.

இந்த யோசனையை நாடு முழுக்கப் பரப்பியவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர், 1988-இல். ஆசிரியர்களே புது முறைகளைச் சோதித்துப் பார்க்கும் பள்ளிகளாக இருக்கட்டும் என்றார். 1991-இல் மினசோட்டா முதல் சட்டம் போட்டது, 1992-இல் செயின்ட் பால் நகரத்தில் முதல் பள்ளி திறந்தது. பிறகு அது போன போக்கைப் பார்த்து ஷாங்கரே எதிர்க்க ஆரம்பித்துவிட்டார். இன்று பெரும்பாலான சார்ட்டர்களில் சங்கமே கிடையாது. வேடிக்கைதான்.

இனி ராணுவம் என்ற பேச்சு. எல்லா சார்ட்டரும் அப்படி இல்லை, ஆனால் ஏழைப் பேட்டைகளில் பேர் வாங்கிய பல பள்ளிகள் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன. நான் இருந்ததும் அந்த வகை. காலை 7.30-க்குக் கதவில் பிரின்சிபால் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பார், கை கொடுக்கும்போதே கண்கள் சட்டை, பெல்ட், ஷூவுக்குப் போகும். நடைபாதையில் தரையில் ஒட்டிய டேப் மேலேயே நடக்க வேண்டும், பேசக் கூடாது. திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 பள்ளி டாலர், அது பொய்ப் பணம், வாரம் முழுக்கத் தவறுக்குத் தவறு கழித்துக்கொண்டே வந்து வெள்ளிக்கிழமை 'சம்பளச் சீட்டு' என்று வீட்டுக்கு அனுப்புவோம், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பையன், அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட், காலையில் தம்பியைக் கிளப்பிவிட்டுத் தானும் கிளம்பி வருவான். வாரத்துக்கு மூன்று நாள் பெல்ட் இருக்காது. ஒரு தடவைக்கு இரண்டு டாலர் கழிவு. கணக்கில் புலி, ஆனால் சம்பளச் சீட்டில் எப்போதும் கடைசி. மூன்று பெல்ட் வாங்கி என் மேசை டிராயரில் போட்டு வைத்தேன். காலையில் வந்து டிராயரைத் திறப்பான், மாட்டிக்கொள்வான், சாயங்காலம் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுப் போவான், ஒரு வார்த்தை பேச மாட்டான். இரண்டு மாதத்தில் அந்த டிராயருக்கு ஏழு பேர் வர ஆரம்பித்தார்கள். பிரின்சிபாலுக்குத் தெரிந்து கூப்பிட்டு, நீங்கள் விதியைப் பலவீனப்படுத்துகிறீர்கள் என்றார். அன்று ராத்திரிதான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் உண்மை அதில்லை, அதற்கப்புறமும் இரண்டு வருடம் இருந்தேன். ஏனென்றால் அங்கே பாடம் நடந்தது. ஒரு நாள்கூட சப்ஸ்டிட்யூட் வைத்து ஒப்பேற்ற மாட்டார்கள். தினமும் கணக்கு மட்டும் 90 நிமிடம். நான்காம் வகுப்புக் கணக்கே தெரியாமல் வந்த பிள்ளை வருடக் கடைசியில் சமன்பாடு போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கெடுபிடி இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நாட்டின் பெரிய சார்ட்டர் குழுமமான கிப், 'கடினமாக உழை, நல்லபடி நட' என்ற தன் பழைய முழக்கத்தை 2020-இல் கைவிட்டது. ஆனால் கிளைக்குக் கிளை, பிரின்சிபாலுக்குப் பிரின்சிபால் மாறும். நேரில் போய்ப் பாருங்கள், ஆனால் அவர்கள் ஏற்பாடு செய்யும் டூர் நேரத்தில் இல்லை. பள்ளி விடும் நேரத்தில் எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள், பிள்ளைகள் வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது, டீச்சர்களோடு சிரித்துப் பேசுகிறார்களா, கேட்டைத் தாண்டியதும் டையைப் பிடுங்கி எறிகிறார்களா என்று.


கணக்குப்பிள்ளை:

வாத்தியார் சொன்னது அனுபவம், நான் எண்களைச் சொல்கிறேன். கல்வி ஆராய்ச்சித் துறையில் தரவு பார்ப்பது என் வேலை, பள்ளிக்கூடத்துக்குள் போனது குறைவு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சார்ட்டர் நல்லதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதிலே கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டில் கிரெடோ என்ற ஆய்வு மையம் 2009-இல் பார்த்தபோது, பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளோடு ஒப்பிட்டால் கணக்கில் 17 சதவீத சார்ட்டர்கள்தான் மேல், 37 சதவீதம் மோசம், மீதி எல்லாம் ஒன்றுதான் என்று வந்தது. அதே மையம் 2023-இல் பார்த்தபோது சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடம் படித்த அளவுக்கு முன்னே இருந்தார்கள். 180 நாள் பள்ளி வருடத்தில் 6 நாள் என்றால் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விடும். இதைப் பிடித்துக்கொண்டு யாராவது கொடி பிடித்தால் நம்பாதீர்கள்.

ஆனால் சராசரிக்குள் இரண்டு வேறு உலகம் இருக்கிறது. 2015-இல் நகர்ப்புறங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது கணக்கில் 40 நாள், வாசிப்பில் 28 நாள் என்று வந்தது, அதிலும் ஏழைக் குடும்பத்துக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்குப் பலன் கூடுதல். அதே வருடம் ஆன்லைன் சார்ட்டர்களைப் பார்த்தபோது கணக்கில் 180 நாள் பின்னடைவு, அதாவது ஒரு முழு வருடம் பள்ளிக்கே போகாத மாதிரி. இரண்டுக்கும் பெயர் சார்ட்டர்தான்.

இதில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். விண்ணப்பம் போடுகிற பெற்றோரே அக்கறை உள்ளவர்கள், அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் படிக்கும், பள்ளி என்ன பெரிதாகச் செய்துவிட்டது? நியாயமான கேள்வி. இதற்குத்தான் பாஸ்டனில் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். விண்ணப்பம் போட்டவர்களில் குலுக்கலில் வென்ற பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் மட்டும் ஒப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் அக்கறை ஒன்றுதான், வித்தியாசம் சீட்டுதான். வென்றவர்கள் நடுநிலைப் பள்ளிக் கணக்கில் நன்றாகவே முன்னே போனார்கள், பிற்பாடு நான்கு வருடக் கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். ஒரு குறை, எல்லோரும் முட்டி மோதுகிற பள்ளிகளில்தான் குலுக்கலே நடக்கும், காற்று வாங்குகிற சார்ட்டரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இவ்வளவுக்கும் பிறகு 2016-இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் இன்னும் கொஞ்சம் சார்ட்டர்கள் திறக்கலாமா என்ற வாக்கெடுப்பில் 62-க்கு 38 என்று வேண்டாம் என்றார்கள்.

ஏன் என்று கேட்டால் பணம். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி சட்டப்படி ஒரு பிள்ளை சார்ட்டருக்குப் போனால் டிஸ்ட்ரிக்ட் ஒரு பிள்ளைக்கான தொகையில் 90 சதவீதம் வரை கூடவே அனுப்ப வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் 25 பிள்ளைகள் போகிறார்கள் என்றால் ஒரே வகுப்பிலிருந்து போக மாட்டார்கள், இங்கே இரண்டு, அங்கே ஒன்று என்று உதிரும். ஒரு டீச்சரைக் குறைக்க முடியாது, பாய்லரை அணைக்க முடியாது, பணம் மட்டும் போய்விடும். நெவார்க்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை சார்ட்டரில். அதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சியோடு முடிவெடுக்க வேண்டியதில்லை, மகளுக்குக் கணக்கு டீச்சர் வேண்டும், அவ்வளவுதான்.

உருப்படியாக ஒரு வேலை சொல்கிறேன். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு அறிக்கை இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், அதை எல்லோரும் பார்ப்பார்கள். வகுப்புவாரியான எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்பு 5-ஆம் வகுப்பில் எத்தனை பேர், இப்போது 8-ஆம் வகுப்பில் எத்தனை பேர்? நடுவில் காலியான இடத்துக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்று போனில் கேளுங்கள். சேர்க்காமல், எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போய், மதிப்பெண் மட்டும் ஏறினால் யார் காணாமல் போகிறார்கள் என்று யோசியுங்கள். அதே அறிக்கையில் சஸ்பென்ஷன் எண்ணிக்கை, டீச்சர்களின் சராசரி அனுபவம் எல்லாம் இருக்கும்.


தெருமுனை:

அக்கா, நான் ஜெர்சி சிட்டி. எண் எல்லாம் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்றேன்.

பையனுக்குப் பேச்சு லேட். அதுக்கு முன்னாடி ஒண்ணு, நம்ம ஊர்களுக்கு ஒரு நல்லது இருக்கு, ஏபட் வழக்குன்னு ஒரு பெரிய வழக்கு, அதனால நியூ ஜெர்சியில ஏழை மாவட்டங்கள் 31-ல 3, 4 வயசுப் பிள்ளைகளுக்கு முழு நாள் ப்ரீஸ்கூல் இலவசம். அதுல சேர்த்தப்பவே டீச்சர் கவனிச்சுச் சொன்னாங்க. கிண்டர்கார்டனுக்கு சார்ட்டர் குலுக்கல்ல பேரு வந்துது, எங்களுக்குத் தலைகால் புரியல, இனிப்பு எல்லாம் குடுத்தோம்.

நவம்பர்ல கூப்பிட்டாங்க. ஒரு சின்ன ரூம், வட்ட மேசை, நான் குழந்தை உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், மூணு பேர் எதிர்ல. ரொம்ப மரியாதையா, ரொம்பச் சிரிச்சுக்கிட்டே, "எங்க பள்ளி உங்க மகனுக்குச் சரியான இடம்தானான்னு நாம சேர்ந்து யோசிக்கணும்"னு சொன்னாங்க. அதைத்தான் உங்க தமிழ் வகுப்பு நண்பர் நாசூக்குன்னு சொல்றார். போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மதியமே வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன் வரும், வேலைக்குப் போற அம்மா எத்தனை நாள் தாங்குவா?

சட்டம் என்னன்னா, சார்ட்டரும் பப்ளிக் ஸ்கூல், அதனால சிறப்புக் கல்விச் சட்டம் முழுசா அதுக்கும் பொருந்தும். பேச்சுப் பயிற்சி தேவைன்னா அவங்கதான் தரணும். வாயால கேட்டா காத்துல போயிடும், எழுத்துல கேக்கணும், இது எனக்கு ஒரு நூலகர் அம்மா சொல்லிக் குடுத்தது. 'என் மகனை மதிப்பீடு செய்யக் கேட்கிறேன்'னு ரெண்டு வரி, தேதி, கையெழுத்து. நியூ ஜெர்சியில அந்தக் கடிதம் கிடைச்ச 20 நாளுக்குள்ள கூட்டம் போட்டே ஆகணும். நீங்க சம்மதம் குடுத்த நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள மதிப்பீடு முடிச்சு, தகுதி இருந்தா ஐஇபி, அதாவது அந்தப் பிள்ளைக்குன்னே எழுதுற தனிக் கல்வித் திட்டம், போட்டு ஆரம்பிக்கணும். கடிதம் குடுத்த மறுநாளே பேச்சு மாறிடுச்சு, சரியான இடமாங்கிற கேள்வியே அப்புறம் வரல. இப்ப 2-ஆம் வகுப்பு, அங்கயேதான் இருக்கான், வாரம் ரெண்டு தடவை பயிற்சி, நிறுத்தாம பேசுறான், வீட்ல அமைதிங்கிறதே இல்ல.

அப்புறம் ஒண்ணு, சேரும்போது வீட்டு மொழிப் படிவம் குடுப்பாங்க. தமிழ்னு போட்டா பிள்ளையைத் தனி வகுப்புல தள்ளிடுவாங்கன்னு பயந்து நிறைய பேர் இங்கிலீஷ்னு எழுதிடுறாங்க. உண்மையை எழுதுங்க. ஒரு தேர்வு வைப்பாங்க, தேவையில்லைன்னா விட்டுடுவாங்க, உதவி வேண்டாம்னு மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை இருக்கு. உங்க மகள் மேடையில பேசுறாள்னா அவளுக்கு ஒண்ணும் ஆகாது.


இரண்டாம்_தளம்:

என் இரண்டு பிள்ளைகளும் நெவார்க்கிலேயே சார்ட்டரில் படித்தவர்கள், பெரியவள் 5-இலிருந்து 12 வரை. இப்போது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். இஓஎஃப் என்று குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாநில உதவித் திட்டம் ஒன்று 1968-இலிருந்து இருக்கிறது, அந்தப் பேர்கூட எனக்குத் தெரியாது, பள்ளி கவுன்சிலர்தான் உட்காரவைத்து விண்ணப்பம் போட வைத்தார். அதற்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

நன்றிக்கு நடுவில் ஒன்று. முதல் வருடம் தினமும் ராத்திரி பத்தரை வரை ஹோம்ஒர்க். சனிக்கிழமையும் சில நாள் வகுப்பு. மார்கழியில் இருட்டோடு போய் இருட்டோடு வருவாள். தெருவில் அவளோடு கயிறு தாண்டின பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள் "நீ இப்ப அந்த ஸ்கூல் ஆளாயிட்டே" என்றாளாம். இதை எந்த அறிக்கையிலும் போட மாட்டார்கள். கீழ் வீட்டுப் பாட்டி பேரன் ஒரே பள்ளி என்றால் உங்கள் மகளுக்குத் துணை இருக்கிறது, அது பெரிய விஷயம்.

டீச்சர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவளுக்கு 7-ஆம் வகுப்பில் இருந்த ஆறு டீச்சர்களில் அடுத்த வருடம் இரண்டு பேர்தான் மிச்சம். எல்லோரும் இளவட்டம், உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பார்கள், மூன்று வருடத்தில் களைத்துப் போய்விடுவார்கள். வாத்தியார் நான்கு வருடம் தாக்குப்பிடித்ததே அதிகம்.

சாப்பாடு கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் பிள்ளைகள் படித்த பள்ளியில் காலையும் மதியமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சைவம் என்றால் பாதி நாள் பீட்சாதான்.


பழைய_வாத்தியார்:

@இரண்டாம்_தளம், அந்த நான்கில் கடைசி வருடம் உடம்பால் மட்டும்தான் போனேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

அறிக்கையைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு 5-இல் 94 பேர், இப்போது 8-இல் 83. போன் செய்து கேட்டேன், போகிறவர்கள் இடத்தை 7-ஆம் வகுப்பு வரை நிரப்புவார்களாம், எங்களுக்கே அப்படித்தான் கிடைத்தது என்று போனை எடுத்த பெண் சொன்னாள். அது எனக்கு உறைக்கவே இல்லை, வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் யாரோ ஒரு பிள்ளை போயிருக்க வேண்டும், இல்லையா? ஏன் போனது என்று கேட்டேன், வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றாள். நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சஸ்பென்ஷன் மட்டும் இப்போதைய பள்ளியைவிடக் கொஞ்சம் அதிகம். டீச்சர் அனுபவம் பாதிக்கும் குறைவு.

நேற்று பள்ளி விடும் நேரத்தில் எதிர்ச் சாரியில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன், கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு, துப்பறிகிற மாதிரி எனக்கே சிரிப்பு. பிள்ளைகள் வரிசையாகத்தான் வந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் வரிசை உடைந்து, ஒரே கூச்சல், இரண்டு பையன்கள் சட்டையை வெளியே இழுத்து விட்டார்கள். ஒரு டீச்சர் வாசலிலேயே படியில் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்கு ஏதோ கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார், குளிர் வேறு, அந்தப் பெண் நோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதுகிறாள், இருபது நிமிடம் நான் நின்றவரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தச் சேகரித்தது.

இங்கிலீஷ் டீச்சரிடம் சொல்லப் போனேன், தப்பு செய்துவிட்டு நிற்கிற மாதிரிதான் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த வருடம் என் வகுப்பிலிருந்து இவள் நாலாவது" என்றார், அப்புறம் மகள் எழுதிய கட்டுரைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு, புது டீச்சரிடம் கொடு என்று கையில் தந்தார். வீடு வரும்வரை அந்தக் கவரைப் பைக்குள் வைக்கவே மனசு வரவில்லை.

இடத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வீட்டு மொழி தமிழ் என்றே எழுதினேன். யூனிபார்ம் பட்டியலில் கறுப்பு பெல்ட் என்று போட்டிருக்கிறது, இரண்டாக வாங்கி ஒன்றை அவள் பையிலேயே போட்டுவிடப் போகிறேன். மகளுக்கு இருக்கிற ஒரே கவலை, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். கீழ் வீட்டுப் பையன், முதல் நாள் கொண்டுபோய் விடுகிறேன், ஆனால் எட்டாவதும் ஐந்தாவதும் வேறு வேறு நேரத்தில் சாப்பிடும் என்று அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வீட்டிலிருந்து பள்ளி 2.3 மைல். பஸ் உண்டா? யாரிடம் கேட்பது, டிஸ்ட்ரிக்ட்டிடமா, இவர்களிடமா?


தெருமுனை:

2 மைலுக்கு மேல இருந்தா 8-ஆம் வகுப்பு வரைக்கும் டிஸ்ட்ரிக்ட்தான் பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணணும் அக்கா, சார்ட்டர்னாலும் சரி. ஆனா படிவத்தை சார்ட்டர் ஆபீஸ்லயே குடுங்க, அவங்கதான் அனுப்பணும். சீக்கிரம் குடுத்துடுங்க, ஆகஸ்ட்ல போய் நின்னா செப்டம்பர் முழுக்க நடராஜா சர்வீஸ்தான். மைல் கணக்கு அவங்க அளக்கிறது, போன்ல காட்டுறது இல்ல, 1.9-ன்னு வந்துட்டா மறுபடி அளக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க.